தூள் பலகைச் சீர்

தளவானூர்
27.12.2024, வெள்ளி

இளவழகன் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போன் இருக்கும்போது இது என்ன புதுசாகக் கடுதாசி என்று நீ நினைப்பாய். இந்த வீட்டில் நான் யாரோடு பேசினாலும் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச வேண்டும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். எனக்கென்று இருக்கிற இடம் இந்தத் தபால் ஆபீஸ் ஒன்றுதான். கிளை போஸ்ட் மாஸ்டரே நான் என்பதால், நீ பதில் போட்டால் முதலில் என் கைக்குத்தான் வரும். ஆபீஸ் முகவரிக்கே போடு.

நீ என் சீருக்குச் செய்து மாட்டிய மாடுலர் கிச்சன் உப்பிவிட்டது. புயல் மழை மேல் பழியைப் போடலாம் என்று பார்க்காதே, மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வீட்டுக்குள் வரவில்லை. சிங்க்குக்குக் கீழே இருக்கிற பெட்டியின் அடிப்பலகை பழைய சோறு மாதிரி ஊறிக் கிடக்கிறது. அடுத்த பெட்டியின் பக்கப் பலகையும் தடித்துவிட்டது. கதவு சாத்தவில்லை. நேற்று இழுத்தேன், கீல் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு கையில் வந்துவிட்டது. வெள்ளை மைக்கா உரிந்த இடத்தில் விரலை வைத்தால் மரம் இல்லை. தூள்தான் இருக்கிறது.

என் நிச்சயதார்த்தத்தன்று நைனா செய்தது உனக்கு மறந்திருக்காது. சீர்ப் பட்டியலைச் சத்தமாகப் படித்துவிட்டு, கையகல மரைன் பிளைவுட் துண்டு ஒன்றை எல்லார் முன்னாலும் பக்கெட் தண்ணீரில் முக்கி வைத்தார். பந்தி முடிகிற வரைக்கும் அது உள்ளேயே கிடந்தது. பிறகு எடுத்துத் தோள் துண்டால் துடைத்து, "பாத்துக்குங்க சம்பந்தி. எங்க பையன் செய்யற சமையல்கட்ட நீங்க குளிப்பாட்டினாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றித்தான் சமையல்கட்டைக் கழுவுகிறார்.

இன்றைக்கும் கழுவினார். கழுவிவிட்டு, உதிர்ந்ததை எல்லாம் முறத்தில் வாரிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "இது இன்னா சொல்லு பாப்போம், மரமா, உப்புமா ரவையா? என் சம்பந்தி ஊட்டு சீரு" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசுக்குக் கிளம்பும்போது நான் அந்த முறத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்களை வைத்துப் பேசப் போகிறார்கள். நைனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் குரு வாயைத் திறந்து பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். அவரே சொல்லிவிட்டார்: "உங்க நைனாவும் ஏமாந்தவருன்னா ஒண்ணா உக்காந்து பேசலாம் கலை. அவரே ஏமாத்துனாருன்னா நீ பொட்டிய கட்டிக்க வேண்டியதுதான்."

அதனால் கேட்கிறேன். பிளைவுட்டுக்குப் பதில் தூள் பலகையை, நைனாவுக்குத் தெரியாமல், நீயாகவே போட்டாய் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ செய்ததைத்தான் எழுதச் சொல்கிறேன். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

கலைச்செல்வி


செஞ்சி
2.1.2025

தளவானூர் போஸ்ட் மாஸ்டர் அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்தாக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். நன்றாகவே வாழ்த்தியிருக்கிறாய்.

இந்த இரண்டு வருஷமும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நான் கிச்சனை மாட்டி முடித்து, தரையைப் பெருக்குவதற்குள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டவள் நீ. வெள்ளை வேண்டும், பளபளவென்று வேண்டும், போனில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று என் உயிரை எடுத்தவளும் நீதான். உள்ளே என்ன பலகை இருக்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தாயா? இப்போது உப்பிய பிறகு விரலை வைத்துப் பார்க்கிறாளாம்.

தூள், தூள் என்று கேவலமாக எழுதுகிறாயே, அதைப்பற்றி உனக்கு என்ன தெரியும்? மரத்தூளைப் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்கிற பலகை அது. ஈரம் படாத இடத்தில் பத்து வருஷம் அசையாமல் நிற்கும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜுக்கு நான் செய்து கொடுத்த அலமாரி அத்தனையும் அதுதான், இன்றைக்கும் நிற்கிறது. நாலு விளிம்பையும் மூடி, ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தால் அது பாட்டுக்கு இருந்திருக்கும். மாட்டி முடித்த அன்றே உன் மாமியார் ராஜாம்பாளிடம், "தண்ணி ஊத்தாதீங்க, தொடைங்க" என்று சொன்னேன். "உங்க நைனாவே குளிப்பாட்டச் சொன்னாரே" என்று இளித்தாள். நீயும் பக்கத்தில் நின்று சேர்ந்து சிரித்தாய்.

கையெழுத்து எல்லாம் போட மாட்டேன். வைகாசியில் எனக்குக் கல்யாணம். சுமலதாவின் அப்பாவுக்குப் பஜாரில் பிளைவுட் கடை என்று தெரியும் அல்லவா? நான் பலகையை மாற்றி ஏமாற்றுகிறவன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மனுஷன் முன்னால் மாப்பிள்ளையாகப் போய் உட்காரட்டுமா? செஞ்சியில் யார் வீடு கட்டினாலும் கிச்சனுக்கு என் பேரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். உனக்காவது முத்திரை குத்துகிற வேலை இருக்கிறது.

உன் மாமியாருக்கு முறம் நிறையத் தூள் வேண்டுமானால் சொல்லி அனுப்பு. ஒர்க்‌ஷாப்பில் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

இளவழகன்


தளவானூர்
7.1.2025

இளவழகன் அவர்களுக்கு,

பேர், பேர் என்று எழுதுகிறாய். அந்தப் பேர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? பத்தாவதை மூன்று தடவை எழுதினாய். மூன்றாவது தடவை வந்த மார்க் ஷீட்டை நைனா நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கு முட்டுக் கொடுத்தார். அம்மா மட்டும் அழுதாள். செத்துப்போகிற வரைக்கும், "எம் புள்ளைக்கு கையில தொழில் இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தக் கையால்தான் எனக்குத் தூள் பலகை மாட்டியிருக்கிறாய்.

இன்னொன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். என் கல்யாணம் நடந்த அதே மாசத்தில் உன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. பலகை விளிம்புக்குப் பட்டை ஒட்டுகிற மெஷின் என்றாய். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் கூப்பிட்டுக் கேசரி கொடுத்தாய். அதற்கு முன்னால் வருஷம் முழுக்க, பேங்க்கில் லோன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தாயே, அது எதில் வந்தது? என் சிங்க்குக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய பிளைவுட்டில்தானே?

விளிம்பு ஒட்டுகிற மெஷினை வாங்க என் விளிம்பை ஒட்டாமல் விட்டிருக்கிறாய். சொந்தத் தங்கச்சிக்கு. நான் இனி உன்னைக் கெஞ்சப் போவதில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்குள் காகிதம் வர வேண்டும். வராவிட்டால் இந்த மெஷின் கதையைச் சுமலதா வீட்டுக்கு நானே சொல்வேன்.

கலைச்செல்வி


செஞ்சி
11.1.2025

கலை,

மெஷினைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி.

உன் கிச்சனுக்கு மரைன் பிளைவுட் பன்னிரண்டு ஷீட் வாங்கி ஒர்க்‌ஷாப் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அறுக்கப் போகிற அன்று நைனா வந்தார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "கதவுக்கு மட்டும் இத்தப் போடு. தட்டினா கெட்டியா சத்தம் வரணும். கீழ இருக்கற பொட்டிக்கு தூளே போதும். உள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்றார். "நைனா, அந்த ஊட்ல தண்ணி ஊத்திக் கழுவறாங்க. நீங்கதான் பக்கெட்ல போட்டுக் காட்டினீங்க" என்றேன். அதற்கு அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"ரெண்டு வருசம் நின்னா போதும்டா. அதுக்குள்ள அவ ஒரு புள்ளய பெத்துடுவா. பேரன் மடியில ஏறிட்டா எவன்டா பலகைய தட்டிப் பாக்கறான்?"

இரண்டு வருஷம் ஆகிவிட்டது, கலை. பலகை அதன் பங்குக்கு நின்றது.

மீதியாகிற பிளைவுட்டைக் கடையில் திருப்பிப் போடச் சொன்னவரும் அவர்தான். "உன் தொழிலுக்கு வச்சிக்கோ" என்றார். மெஷின் அதில்தான் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்று நீ சொன்னால் சரி, சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நைனாவுக்குத் தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன். உனக்கு உண்மை வேண்டுமா? அவரையே கேள். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஆபீசர் நாற்காலியைத் துடைத்தவர், நம் தெருவில் முதல் அரசாங்க உத்தியோகஸ்தர், பச்சைமுத்து சொன்னால் சொன்னதுதான் என்று பேர் எடுத்தவர். அவரும் பேர்தான் வைத்திருக்கிறார், பாவம்.

பொங்கலுக்கு அவர் அங்கே சீர் எடுத்துக்கொண்டு வருகிறார். அப்போது கேட்டுக்கொள்.

இளவழகன்


தளவானூர்
22.1.2025

அண்ணா,

நைனா வந்தார். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு எல்லாம் கொண்டுவந்தார். அத்தை அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க சம்பந்தி, உங்க சீர வந்து பாருங்க" என்று அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கதவாக அவரையே திறக்கச் சொன்னார். அந்த வயசில் குனிந்து குனிந்து திறந்தார். மூன்றாவது கதவு கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுமா. பையன் கைவரிச காட்டிட்டான் போல" என்றார். நான் இன்னும் எந்தக் காகிதமும் காட்டவில்லை. அவராகவே சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் தனியாகக் கேட்டேன். நீ எழுதியதை அப்படியே சொல்லிக் கேட்டேன், பிள்ளை விஷயம் உட்பட. சட்டைப் பையிலிருந்து அம்மாவின் சின்னப் போட்டோவை எடுத்து அதன் மேல் கையை வைத்து, "அவன் புளுவறான்" என்று சத்தியம் செய்தார். செய்யும்போது போட்டோவைப் பார்க்கவில்லை, பஸ் வருகிறதா என்று பார்த்தார். எனக்குப் போதும். நீ எழுதியது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் போன பிறகு எனக்குச் சோறு போட்டார்கள். வாழையிலையில் பொங்கல் வைத்து, பக்கத்தில், ஊறுகாய் வைக்கிற இடத்தில், அத்தை அந்தத் தூளை ஒரு கரண்டி வைத்தார். "இது உங்கப்பன் சீரு. மொதல்ல இத்த துன்னுட்டு அப்பறம் சோத்துல கை வையி" என்றார். குருவும் என் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது கேட்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். உண்மையை எழுதச் சொல்லவில்லை. பொய்யைத்தான் எழுதச் சொல்கிறேன், பொய் என்று தெரிந்தே சொல்கிறேன். உண்மை தெரிந்தால் நான் ஏமாற்றினவன் வீட்டுப் பெண். அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். நைனாவும் ஏமாந்தவர் என்றால் நான் இங்கே இருக்கலாம்.

இந்த வீட்டில் இருந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்பாய். எனக்குக் குருவைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

கலை


செஞ்சி
27.1.2025

கலை,

அந்தத் தூளைத் தின்றாயா இல்லையா என்று நீ எழுதவே இல்லை. மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன், ஒரு வரியும் இல்லை. அதில் இருக்கிற பசை வயிற்றுக்கு ஆகாது. அறுக்கும்போது கிளம்புகிற தூசிக்கே எனக்குக் கண் எரிந்து தொண்டை அடைத்துக்கொள்ளும். வாயில் போட்டிருந்தால் டாக்டரிடம் போய்க் காட்டு. தின்றாயா?

பிள்ளையைப் பற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. நைனா சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். பலகை நின்றது என்று எழுதினேனே, அதை எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ கேட்ட காகிதம் இதோ, தனித் தாளில் வைத்திருக்கிறேன்:

"செஞ்சி, ப. இளவழகன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. என் தங்கை கலைச்செல்வியின் திருமணச் சீராகச் செய்த சமையலறைப் பெட்டிகளுக்கு, என் தந்தை பச்சைமுத்து மரைன் பிளைவுட் போடச் சொல்லியிருந்தும், அவருக்குத் தெரியாமல், என் சொந்த ஆதாயத்துக்காகத் தூள் பலகை போட்டுவிட்டேன். இதில் என் தந்தைக்கோ தங்கைக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. முழுக் குற்றமும் என்னுடையது."

கையெழுத்துப் போட்டு, பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன். யாராவது சந்தேகப்பட்டால் அதையும் காட்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்பதாம் தேதி பேச்சில் காட்டிவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடு. தளவானூரோடு போகட்டும். செஞ்சிக்கு வர வேண்டாம். சுமலதா நல்ல பெண், கலை. அவள் அப்பா கடையில் போய் நிற்கும்போது எனக்கு நாற்காலி போடச் சொல்கிறார். இதுவரை எந்தக் கடையிலும் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

அண்ணன்


தளவானூர்
10.2.2025

இளவழகன் அவர்களுக்கு,

பேச்சு நேற்று முடிந்தது. நான் இங்கேயே இருக்கிறேன்.

உன் காகிதத்தைக் குரு எழுந்து நின்று படித்தார். பிறகு நைனா எழுந்தார். துண்டை எடுத்துக் கீழே போட்டார். "இப்பிடி ஒரு திருட்டுப் பயல பெத்துட்டனே, சம்பந்தி ஊட்டுல தல நிமிர முடியாம பண்ணிட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அத்தையே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "அழுவாதீங்கண்ணே, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று கொடுத்தார். அண்ணே என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நடிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது என்னிடம் சொன்னார்: "அன்னைக்கே தலயால அடிச்சிக்கினேன் கலை, தூளு வாணாம்டான்னு. கேட்டானா?" என்னிடம், எல்லாம் தெரிந்த என்னிடமே சொன்னார். அவர் நம்பிவிட்டார், நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவரே நம்பிவிட்டார். நான் சரி நைனா என்றேன்.

நீ தளவானூர் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்று முடிவு. உன் வீட்டுக்கோ உன் கல்யாணத்துக்கோ நான் வரக்கூடாது. நீ இந்த வாசலில் வந்து நின்றால், உன்னோடு நானும் கிளம்பிவிட வேண்டும். பெரியவர்கள் எழுதிய முடிவுத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழே நைனா போட்டார். உன் நம்பரைக் குருவே என் போனிலிருந்தும் அவர் போனிலிருந்தும் பிளாக் செய்துவிட்டார்.

தின்றாயா என்று கேட்டிருந்தாய். ஒரு சிட்டிகை தின்றேன். குரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காகிதத்தைக் கிழிக்கவில்லை. போட்டோ எடுத்து, சுமலதாவின் நம்பருக்கு நானே அனுப்பினேன். யாரும் அனுப்பச் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. பலகை அதன் பங்குக்கு நின்றது என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்காக அனுப்பினேன். நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன், அது என் வேலைதான். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் இந்தப் பக்கம் வராமல் இரு.

கலைச்செல்வி


செஞ்சி
24.2.2025
பதிவுத் தபால்

கலை,

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட நிறைய இருக்கிறது, அது கடைசியில். முதலில் இதைப் படித்துவிட்டு, படித்த உடனே செய்.

அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே கீழே இறக்கு. இறக்கி முடிக்கிற வரைக்கும் அதன் கீழே நிற்காதே, அடுப்பும் பற்றவைக்காதே. தனியாக இறக்காதே. குருவை ஒரு பக்கம் நின்று அடியைத் தாங்கிப் பிடிக்கச் சொல். மேல்தட்டில் இருப்பதை முதலில் எடு. எடுத்து முடித்த பிறகும் அதில் ஒரு டம்ளர்கூட வைக்காதே.

புதுக் கிச்சனுக்கு அளவெடுக்க உங்கள் வீட்டுக்கு வந்துபோனவன், திண்டிவனம் ரோட்டில் மாடுலர் வேலை செய்கிற ஆள், நேற்று டீக்கடையில் என்னைப் பார்த்துச் சொன்னான். கீழ்ப் பெட்டிகள் கெட்டுப்போனதால் பித்தளைப் பாத்திரம், குக்கர், அரிசி டப்பா, மளிகை எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்திருக்கிறீர்களாம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் விரல் நுழைந்ததாம். அவன் உன் மாமியாரிடம் சொல்லியிருக்கிறான். "நீயும் அந்தத் திருடன் ஆளா? இன்னொரு பொட்டி செய்ய வழி பண்றியா?" என்று கேட்டாளாம். அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்கிறான். நீ அப்போது ஆபீசில் இருந்திருக்கிறாய்.

அந்தப் பெட்டியும் தூள்தான். தண்ணீர் படாத இடம்தானே என்று நான்தான் போட்டேன். அதை நைனா சொல்லவில்லை, நானே போட்டேன். உங்கள் வீட்டில் நாள் தவறாமல் இட்லிப் பானையும் குக்கரும் அதற்கு நேர் கீழே ஆவி விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆவி குடித்த பலகையில் ஸ்க்ரூ போன ஓட்டை ஒரு தடவை தளர்ந்துவிட்டால் மறுபடி பிடிக்காது. முதலில் மெதுவாக முன்னால் சாயும். அதற்குப் பிறகு சொல்லிக்கொண்டு விழாது. நீ நின்று சமைக்கிற இடம் அதற்கு நேர் கீழே.

நானே வந்திருப்பேன். கொல்லியங்குணம் வரைக்கும் பஸ்ஸில் வந்துவிட்டேன். நான் உன் வாசலில் நின்றால் நீ கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, இறங்கித் திரும்பிவிட்டேன். வேறொரு போனிலிருந்து குருவுக்கு அடித்தேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். நைனாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் அவர் என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டு ஆளைப் பார்த்து, "மறுபடியும் ஒரு கத கட்றான் பாரு, அங்க பூந்துக்கறதுக்கு" என்றார். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும், சாதாரணத் தபால் மாதிரித் தூக்கிப் போட முடியாதே.

நீ என்னை நம்ப வேண்டியதில்லை. ஒரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன் நான். பெட்டியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டுப் பார். நுழைந்தால் நான் சொல்வது சரி.

சரி, இனித் திட்டுகிறேன். சுமலதா வீட்டில் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா, எனக்கு நாற்காலி போட்ட மனுஷன், கடை வாசலில் நின்று, "இனிமே பலகைக்கு வேற கடை பாத்துக்க தம்பி" என்றார். லாட்ஜ்காரர் ஒரு ஆளைக் கூட்டிவந்து அலமாரி அத்தனையையும் தட்டிப் பார்க்கிறாராம். நீ செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். உன் முகத்தில் முழிக்கவும் மாட்டேன். இதை எல்லாம் விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது ஓடவில்லை.

இறக்கிவிட்டேன் என்று ஒரு வரி போடு. பேர்கூடப் போட வேண்டாம், கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

அண்ணன்


(உறை ஒட்டியபடியே இருக்கிறது. முகவரிக்குக் குறுக்கே, சிவப்பு மையில், கலைச்செல்வியின் கையெழுத்தில்:)

பெறுநர் வாங்க மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்பவும்.
கிளை போஸ்ட் மாஸ்டர், தளவானூர்
26.2.2025